சாதாரணக் கட்டி

என் அன்பிற்குரிய உங்களுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கப்பலில் கனமான எதையும் தூக்காதீர்கள்.

இந்த வாரம் நீங்கள் இரண்டு முறை போன் செய்தபோதும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிள்ளை தூங்குகிறாள் என்றேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அவள் சினைப்பையிலிருந்து எடுத்த கட்டிக்குள் கொஞ்சம் முடியும் ஒரு பல்லும் இருந்ததாம். சாதாரணக் கட்டிதான், இப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா ஆபரேஷன் அன்றைக்கும் சொன்னார். வயிற்றுக்குள்ளேயும் பல் முளைத்திருக்கிறது, அதுதான் இவ்வளவு வாய் என்று நான் கிண்டல் செய்தேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வாங்க இருவரும் போனோம். டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்தினார். கட்டியின் சுவரில் ஒரு சின்ன இடம் புற்றுநோயாக மாறியிருக்கிறதாம். நூறில் ஒருவருக்கு நடப்பது, அதுவும் பத்தொன்பது வயதில் மிக அபூர்வம் என்றார். வேறு யாருடைய ரிப்போர்ட்டோ மாறி வந்துவிட்டதா என்று கேட்டேன். பெயரையும் பிறந்த தேதியையும் காட்டினார். நான் அவளைப் பெற்ற நாள்தான்.

மறுநாள் வீட்டில் இருக்க முடியாமல் தையல் கம்பெனிக்குப் போனேன். பதினோரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து தானே எல்லாத் தையலையும் பிரித்தார்.

ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மூன்றாம் தேதி இன்னொரு ஆபரேஷன். பிறகு மருந்து ஏற்ற வேண்டும்.

பரீட்சை முடிந்தபிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னதை நினைத்து அங்கே தனியாக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நானும்தான் தலையாட்டினேன். நான்கு மாதம் தள்ளிப்போட்டதால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன். அவள் மேஜைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்து, கேட்கவிடவில்லை.

நேற்று வரை அவள் அழவே இல்லை. நான்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கதவைத் தட்டினாள். அம்மா, நீ அழுது முடித்துவிட்டு வா, அப்புறம் நான் அழ வேண்டும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றாள். வெளியே வந்து பிடித்துக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்லாதே, நடுக்கடலில் தவித்துப்போவார் என்கிறாள். சொல்லிவிட்டேன். சீக்கிரம் இறங்கி வர முடியுமா என்று கேப்டனிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எந்தக் குறையுமில்லாமல் நல்லபடியாகக் கரை சேர வேண்டும். என் இரண்டு கை போதவில்லை.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி