கழுத்துக் குழாயும் என் இரண்டு கால்களும்

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பிசியோதெரபி பொண்ணு வருவது தெரிந்தால் தூங்குவது போல் நடிக்கிறேன். நாற்பத்தெட்டு வயதுக்காரி செய்கிற வேலையா இது? மூன்று நாள் தப்பித்தேன். இன்று அவள் என் தலைக்கு மேலிருக்கும் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, தூங்குறவங்களுக்கு என் செருப்புச் சத்தம் கேட்டதும் நாடி நூத்திப்பத்துக்கு ஏறாது. கண்ணைத் திறங்க."

மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 4
நிமோனியாவில் விழுந்து ஐசியூவுக்கு வந்து பதினேழு நாள். கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். என் மூச்சை மெஷின் விடுகிறது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி. பேச்சு இல்லை — அதுதான் கொடுமை. என் இஸ்திரிக் கடையில் சட்டை கொடுக்க வருகிறவர் யாரையும் நாலு வார்த்தை சீண்டாமல் அனுப்பியதில்லை. இங்கே கிண்டலை எழுதி முடிப்பதற்குள் அந்த ஆள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

மார்ச் 5
பிசியோ பொண்ணு முட்டியை மடக்கச் சொன்னாள். மடங்கவில்லை. இருபது வருஷம் நின்றே துணி தேய்த்த கால்! என்னுடையதுதானா?

"சாகக் கெடக்குறவளை இப்படியா வதைப்பே?" என்று எழுதிக் காட்டினேன்.

"நாலு வார்த்தையில மூணு தப்பு. ஆனா கை நல்லா வேலை செய்யுதுக்கா. ம், மடக்குங்க."

மார்ச் 6
விளக்கை அணைப்பதே இல்லை. இது காலையா, சாயங்காலமா?

மார்ச் 8
டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. "படுத்தே இருந்தா மூச்சு விடுற தசையும் சோர்ந்துடும். அப்புறம் மெஷினை எடுக்கறது கஷ்டம்." வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "எல்லாம் நல்லாருக்காம்" என்றார். பொய் சொன்னால் காதைத் தடவுவார். தடவினார்.

ஐயோ, இந்தக் கம்பிக்குள்ளயே கெடந்து போயிடுவேனா? அழுதாக்கூட சத்தம் வரலியே.

மார்ச் 9
நானே மணியை அழுத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள். "பிசியோ பொண்ணைக் கூப்பிடு" என்று எழுதினேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்தார்கள். குழாயை ஒருத்தி பிடிக்க, முதுகை ஒருத்தி தாங்க, நாலு நிமிஷம். தலை சுற்றியது. தரை எவ்வளவு கீழே இருக்கிறது!

மார்ச் 12
நின்றேன். ஏழு மூச்சு எண்ணும்வரை. என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி கீழயே பாக்காதீங்கக்கா, நிமிருங்க."

என்னையே கிண்டல் செய்கிறாள். பதில் மட்டும் உள்ளேயே கிடந்து புழுங்குகிறது.

மார்ச் 15
மெஷினைக் கழற்றி இரண்டு மணி நேரம் விட்டார்கள். பிறகு மாட்டினார்கள். மாட்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 19
இரண்டு நாளாக மெஷின் இல்லை. நடைச்சட்டத்தைப் பிடித்து எட்டு அடி நடந்தேன். யாரும் தாங்காமல், ஜன்னலோர நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். நாற்காலியில் டாக்டரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. டாக்டர் இப்போது என் கேஸ் தாளை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.