தட்டுக்குக் கிழமை தெரியுமா

4 நவம்பர் 2025, செவ்வாய்

ஏழாம் வகுப்புக்கு இன்று பூமியின் உள்ளமைப்பு. மதிய உணவு முட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, மேசையில் தட்டி விரிசல் விழவைத்துக் காட்டினேன். ஓடுதான் மேலோடு, வெள்ளை கவசம், மஞ்சள் கருவம். விரிசல் விட்ட துண்டுகள்தான் தட்டுகள்; நாம் எல்லோரும் ஒரு துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். அந்த முட்டையை யார் தின்பது என்பதில்தான் பிள்ளைகளுக்கு அக்கறை.

கவசம் முழுக்கக் குழம்பாக இருக்கும் என்று போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாறைதான், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகரும் பாறை என்று இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எத்தனை வகுப்புக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேனோ. வாத்தியார் லட்சணம்!

5 நவம்பர், புதன்

மழை. பாதி வகுப்பு வரவில்லை. பாடம் நடத்தவில்லை.

7 நவம்பர், வெள்ளி

பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நுனியில் ரப்பரை வைத்துக் கீழே வளைத்தேன். "சுமத்ரா பக்கம் நம்ம தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில போகுது. நகம் வளர்ற வேகம்தான். ரெண்டும் உரசிப் பிடிச்சுக்கும். மேல் தட்டோட நுனியும் சேர்ந்து கீழே இழுபடும். பல நூறு வருஷம் தாங்கும். ஒருநாள் விட்டுரும்." ஸ்கேலை விட்டேன். ரப்பர் பறந்து மின்விசிறியில் பட்டது. "நுனி நிமிரும்போது மேலே இருக்கிற கடலையும் தூக்கிடுச்சு. 2004-ல நடந்தது அதுதான்." ஒரே கைதட்டல். எனக்கும் பெருமைதான்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் துடைப்பத்தோடு இருதயமேரி அக்கா.

பள்ளியின் ஆயா. எங்கள் மாதா கோயில் பங்குதான், அடுத்த தெரு. சின்ன வயதிலிருந்து என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் எதிரில் 'சார்' என்று சொல்லும்படி தலைமையாசிரியர் இரண்டு முறை கண்டித்தும் மாறவில்லை. அவருடைய ஒரே மகள் ஜெர்லின் அந்த அலையில்தான் போனாள். ஒன்பது வயது. அதை மறந்து நான் ரப்பர் விட்டு விளையாடியிருக்கிறேன்.

மணி அடித்ததும் அருகில் வந்தார். "தம்பி, அந்தத் தட்டுக்குக் கெழம தெரியுமா?"

"அதுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏன் அப்படிக் கேட்டார்?

8 நவம்பர், சனி

ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. முந்தின நாள்தான் பூசைக்குப் போனோமே என்று அக்கா ஞாயிற்றுப் பூசைக்குப் போகாமல், மகளைக் கூட்டிக்கொண்டு காரைக்கால்மேட்டுக்கு மீன் வாங்கப் போனார். மூன்றாம் நாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஏன் இப்புடி, எனக்கு ஏன் இப்புடி" என்று அழுதுகொண்டிருந்தார். நான் ரொட்டி கொடுத்துக்கொண்டு வந்தேன். இருபத்து மூன்று வயது, கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பெடுக்கிற பையன், எல்லாம் தெரிந்த திமிர். அவர் எதிரில் நின்று சொன்னேன்: "ஆண்டவர் நாள விட்டுட்டு மீனுக்குப் போனா, அவரு சும்மா இருப்பாராக்கா?"

அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தினார். நான் ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்து அடுத்தவருக்கு ரொட்டி கொடுக்கப் போனேன்.

9 நவம்பர், ஞாயிறு

பூசையில் மூன்றாவது பெஞ்சு, தூண் ஓரம், அக்கா. முழங்காலில். இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறு கூட அந்த இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. சிக்குன்குனியா வந்து கால் வீங்கியபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். மறைக்கல்விப் பிள்ளைகளிடம், 'இருதயமேரி அக்கா மாதிரி இருக்கணும்' என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

நற்கருணை அப்பம் வாங்கப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

13 நவம்பர், வியாழன்

அவர் வராந்தாவைக் கூட்டினால் நான் மாடிப்படி வழியாகப் போகிறேன். நாற்பத்து நான்கு வயது ஆள் ஒளிந்து திரிகிறேன். த்தூ.

18 நவம்பர், செவ்வாய்

சாயங்காலம் வகுப்பைப் பூட்ட வந்தார். உட்காரச் சொன்னேன். பெஞ்சில் உட்காராமல் நின்றே கேட்டார். ஸ்கேலை எடுத்து மறுபடி வளைத்துக் காட்டினேன், மெதுவாக, ரப்பர் இல்லாமல். "இது யாரு செஞ்ச தப்புக்கும் வந்தது இல்லக்கா. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே அழுந்திக்கிட்டு இருந்தது. அன்னிக்குக் காலைல ஆறரை மணிக்கு அங்க விட்டுச்சு. இங்க தண்ணி வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

"ஆறரைக்கா?"

"ஆமா."

"அப்ப நாங்க எந்திரிக்கவே இல்ல தம்பி. பூசைக்கா மீனுக்கான்னே நா நெனைக்கல." அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். வெகுநேரம் ஸ்கேலைத் தடவிக்கொண்டே இருந்தார். "இத்தன வருஷமா பாடம் நடத்துறீங்க. ஒரு நாளு எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புக்கா" என்றேன். தலையை ஆட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

19 நவம்பர், புதன்

முழுதும் சொல்லவில்லை. இங்கே கூட எழுதாமல் ஏன் ஏய்க்கிறேன்?

21 நவம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி அருகில், நின்றபடியே. "அக்கா, அந்த ஞாயித்துக்கெழம நானும் பூசைக்குப் போகல. கிறிஸ்துமஸ் அலுப்புல வீட்டுல தூங்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

அவர் கையிலிருந்த வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

23 நவம்பர், ஞாயிறு

மூன்றாவது பெஞ்சு, தூண் ஓரம். காலி.

24 நவம்பர், திங்கள்

அக்காதான் வகுப்பைத் திறந்துகொண்டிருந்தார். தலையைக் குனிந்தபடி உள்ளே போகப் பார்த்தேன்.

"நேத்து காரைக்கால்மேட்டுக்குப் போயிருந்தேன்" என்றார், பூட்டைப் பார்த்தபடியே. "அதுக்கப்பறம் இப்பதான் போறேன். கரையில ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். கெழங்கான் மீனு வாங்கியாந்து கொழம்பு வச்சேன். புள்ளைக்கு அதான் புடிக்கும்."

முகம் தெளிவாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டாவது பெஞ்சு காலு ஆடுது. புள்ளைங்கள ஒக்கார வைக்காதீங்க, சார்."

சார் என்றார்.