மஞ்சளைத் துடைத்த மெஷின்

சிரம்பான், மலேசியா,
12.9.1998

அன்புள்ள ஆவுடைக்கு,

நான் நலம். ஆத்தாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எங்கள் ஸ்டூடியோவுக்குப் பிலிம் ஸ்கேனர் வந்துவிட்டது! நெகட்டிவைத் தள்ளினால் படம் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. அதற்கு இரண்டு சாஃப்ட்வேர். எது நல்லது என்று முடிவுசெய்ய முதலாளி என்னிடமே விட்டுவிட்டார்!

தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஒன்றில் பக்கத்து ஊரான மந்தினில் ரப்பர் தோட்டத்துக் கல்யாணப்பெண்ணின் நலுங்குப் படத்தைப் போட்டேன். முகத்து மஞ்சளைக் கோளாறு என்று நினைத்து முழுக்கத் துடைத்துவிட்டது! அவள் அம்மா, "என்னலா இது, பூசுன மஞ்சளெல்லாம் எங்க போச்சு?" என்று கத்தித் தீர்த்தாள். வேறு பிரிண்ட் கொடுத்துச் சமாளித்தேன். நிறத்தை நாமே கூட்டிக் குறைக்கும் இன்னொன்றைத்தான் எடுத்திருக்கிறோம்.

திரையில் தெரியும் நிறமே தாளிலும் வருகிறதா என்று பார்க்க, நம் கல்யாண நெகட்டிவைப் போட்டேன். உன் கூறைச்சேலை அரக்கா, குங்குமச் சிவப்பா? குழம்பிவிட்டேன். அதே துணியில் தைத்த ரவிக்கையின் உள்மடிப்பிலிருந்து விரலளவு வெட்டி அனுப்பு. வேலைக்குத்தான்.

உன் முகத்தையும் மூன்று விதமான நிறத்தில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எது நீ என்று சொல்ல இங்கே யாருமில்லை. நீயே பார்த்து எழுது.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

விசுவநாதன்