பிரேக்குக்கு அடியில் செருப்பு

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

இந்த ஹைதராபாத்தில் என் முதலாளி நமச்சிவாயம் அண்ணாச்சிக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் அவர் காரை வெறுங்காலோடு ஓட்டுவது குற்றமாம்! போக்குவரத்துப் போலீஸ்காரரே அப்படியொரு சட்டமில்லை என்றுவிட்டார்.

"பிரேக்க மிதிக்கது காலுல்லா அண்ணாச்சி, செருப்பா?" என்று கேட்டேன்.

நேற்று, வண்டிக்கு மரியாதையாகக் கழற்றிக் காலடியில் போட்டிருந்த என் ரப்பர் செருப்பு பிரேக்குக்கு அடியில் சிக்கி, கார் அண்ணாச்சியின் சரக்குக் கிடங்குச் சுவரில் முட்டியது. விளக்கு மட்டும்தான் உடைந்தது, எனக்கு ஒன்றுமில்லை.

"இப்பம் சட்டம் பேசுலே" என்கிறார். அற்ப மனுஷர்.

கழன்றுவிடாமல் குதிகாலைப் பிடிக்கும் பின்வார் வைத்த செருப்பு ஒரு சோடி அனுப்புங்கள். இங்கேயும் விற்கிறார்கள்தான். ஆனால் என் கால் அளவு தெரிந்தவர் இந்த ஊரில் யாருமில்லை.

அண்ணாச்சி ஹாரன் அடிக்கிறார், போகிறேன்.

உங்கள் மகன்,
அலி அஸ்கர்