மடு மண் கலந்த பற்று

அருள்நாயகி,

கோவிலில் காலைத் திருந்தாதிச் செப மணி இப்போதுதான் அடித்தது. உன் மார்புக் கட்டியை அறுக்க டொக்டர் நாள் கேட்கிறார். பதில் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என்ன பதில் என்று தெரியவில்லை. கத்தி பட்டால் புற்று பரவும் என்கிறார் நாட்டு வைத்தியர். சுணங்கிக் காலம் கடத்த வேண்டாம் என்று இருவருமே சொல்கிறார்கள்.

வைத்தியர் தந்த மூலிகைப் பற்றில் மடு மாதா கோவில் மண்ணையும் குழைத்துப் பூசுகிறாய். அது அவருக்குத் தெரியாது. அந்த மண் பாம்புக்கடிக்கு அல்லவா?

அடுப்பில் கஞ்சி இருக்கிறது. பத்தியத்துக்காக உப்புப் போடவில்லை. உன் தங்கை வந்தால் வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடு.

அமிர்தநாயகம்

பின்குறிப்பு: கட்டி சிறிதாகிவிட்டது என்று நேற்று நான் சொன்னதை நம்பி முடிவெடுக்காதே. தொட்டுப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. நீ அப்போதே கேட்டாய்: "உண்மையாச் சின்னதாப் போச்சோ, இல்லாட்டி நான் அழாமல் இருக்கச் சொல்லுறியளோ?"