கோபுரம் தெரிந்த இடத்தில் நின்ற வேன்

இன்று காலை எதிர் வீட்டு வேனைக் கிளப்பினார்கள். மழையில் நனைந்திருந்த பெல்ட் கீச்சென்று ஒரு கத்துக் கத்திப் பிறகு அடங்கியது. சன்னல் வழியே ஈர ரப்பர் சூடாகும் வாசனை வந்தது. காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால், "பெல்ட்டு லூசு. நாளைக்கு இன்னும் கத்தும் பாரு" என்றிருப்பாய்.

உன் அப்பா விட்டுப்போன டீசல் வேனில், முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் இஞ்சின் இருக்கும். அதன் மூடியில் கை வைத்தால் தூங்கும் பூனையின் வயிறு மாதிரி வெதுவெதுவென்று துடிக்கும். பெண் ஒருத்தி வேன் ஓட்டுவதை ராஜபாளையம் நின்று பார்த்த காலம் அது. உன் சிநேகிதி நான், பக்கத்தில் பாதித் தூக்கத்தில் வருவேன். மேற்கே மலை நீலமாக நம்மோடு கூடவே வந்துகொண்டிருக்கும்.

"உள்ள இம்புட்டு வெடிக்குது, கைக்கு ஏன் இப்படி மெத்துனு இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டேம்பர் புல்லி இருக்குல்லா. ஒவ்வொரு வெடிக்கும் இஞ்சின் ஷாஃப்டு, ஈரத்துணியப் பிழிஞ்ச மாதிரி செத்த முறுக்கிட்டு நிமிரும். இரும்புதான், இருந்தாலும் முறுக்கும். அப்படியே விட்டா ஒருநா முறிஞ்சிரும். அதுக்குத்தான் முனையில அந்தச் சக்கரம். உள்ள ஒரு இரும்பு, வெளிய கனமா ஒரு இரும்பு வளையம், நடுவுல ரப்பர். உள்ளது துள்ளுனா வெளியது அதோட சேந்து சட்டுனு துள்ளாது. நடுவுல மாட்டுன ரப்பர் அந்தத் துள்ளலத் தின்னுரும்."

"தின்னுட்டு?"

"சூடாகும். வேற என்ன செய்யும், பாவம்."

அந்த வெளி வளையத்தின் மேல்தான் பெல்ட் ஓடும், விசிறி, தண்ணீர் பம்பு, டைனமோ எல்லாவற்றையும் அந்த ஒரு பெல்ட்தான் சுற்றுகிறது என்றும் சொன்னாய். யாரோ நமக்கு வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாய்.

உன் அண்ணனுக்கு வண்டியை விற்றுவிட ஆசை. நான் வேலை பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு, ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேன் தேவைப்பட்டது. பூஜை விடுமுறை முடிந்த அன்று ஓட்டிக் காட்டச் சொன்னார் தலைமையாசிரியை. "அது கெடைச்சா வச்சு ஓட்டு. இல்லன்னா வண்டி கைமாறிரும்" என்று சொல்லிவிட்டார் அண்ணன்.

ஆயுத பூஜைக்கு மண்ணெண்ணெய் விட்டு இஞ்சினைக் கழுவுவது எல்லோரும் செய்வதுதான். நீ ஆசை மிகுந்து, அந்தப் புல்லியை மண்ணெண்ணெய்த் துணியால் சுற்றிப் பகல் முழுக்க ஊற வைத்தாய். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்று பெல்ட்டை மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்திருந்தாய். இரண்டு இரும்புக்கும் நடுவே ஒளிந்திருந்த பழைய ரப்பரை மறந்துபோனாய். பளபளத்த இரும்பில் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தாய்.

விடுமுறை முடிந்த அன்று காலை செட்டியார்பட்டியில் தொடங்கிப் பிள்ளைகளை ஏற்றினோம். ராஜபாளையம் தாண்டியதும் என் கைக்குக் கீழே பூனை உறுமத் தொடங்கியது. பெல்ட் அலறியது, ஸ்டீயரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில் ஓரங்கட்டினாய். குனிந்து பார்த்துவிட்டு வந்தாய்.

"வளையம் தனியாத் தள்ளாடுது. ரப்பர் விட்டுருச்சு."

"கோபுரம் தெரியுதேட்டி. மெதுவா உருட்டிட்டுப் போயிருவோம்" என்றேன்.

"உருட்டலாம். ஷாஃப்டு முறிஞ்சா என் பாடு. வளையம் கழண்டு பறந்தா? இவுக அம்மாமாருக்கு நீ போய்ப் பதில் சொல்லுவியா?"

பின்னாலிருந்து ஒரு சிறுமி, "அக்கா, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றாள். "ஆமாடி. ஒனக்கு லீவு கெடைக்காது, எறங்கு" என்றாய். நீ கைகாட்டி நிறுத்திய பஸ்ஸில் கண்டக்டர், "என்ன டிரைவரம்மா, வண்டி விரதமா?" என்று சிரித்தார். "ஆமாண்ணே. பிள்ளைகளுக்கு எடம் கொடுங்க, புண்ணியமாப் போகும்" என்று சிரித்தாய் நீயும்.

பள்ளிப் பிரார்த்தனை முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தோம். "முதல் நாளே இப்படியா?" என்றார் தலைமையாசிரியை. நான் நடந்ததைச் சொன்னேன்; அவர் வேறு வேன் பார்த்துக்கொண்டார். உன் அண்ணன் சொன்னபடியே செய்தார்.

நீ அதன் பிறகு எந்த வண்டியும் ஓட்டவில்லை. பஸ்ஸில் சேர்ந்து போகும்போது டிரைவருக்குப் பின் இருக்கையைத்தான் பிடிப்பாய். மேட்டில் ஏறும்போது உன் வலது கால் தரையை மெல்ல அழுத்தும். நான் பார்க்காதது போல வெளியே பார்த்துக்கொள்வேன்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், மனசு கேட்காமல் கேட்டேன்: "அன்னைக்குச் செத்த நேரம் உருட்டிருந்தா வண்டி உன்கிட்டயே இருந்திருக்கும்லா?"

மின்விசிறியைப் பார்த்தபடி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாய்.

"அந்தப் பிள்ளைக எல்லாம் இப்ப எங்க இருக்குதுகளோ" என்றாய். பிறகு, "எங்கயோ இருக்குதுகள்லா" என்றாய்.

அன்றிலிருந்து அந்த முகங்களைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் அன்று வேனில் வந்தவர்களில் ஒருத்தி, "டீச்சர்!" என்று ஓடி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, அதற்கு இரண்டு பல் முளைத்திருந்தது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வீடு வரைக்கும் அதை மனசிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.