பால்பவுடர் டின்னில் போன சங்கு

மக்தான் தீவு, செபு
3 பிப்ரவரி 1986

என் செல்ல மருமகள் மெர்லிண்டாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். சங்கு ஆராய்ச்சி படிக்க நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறியபோது சொன்னேன். சங்குகளைப் பஞ்சில் சுற்றிப் பால்பவுடர் டின்னில் அடைத்து அனுப்பிய அன்று, தபாலாபீஸ் வாசலில் நின்றும் சொன்னேன்: "இதுல ஒண்ணு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, பாருங்கடா!" பக்கத்து வீட்டு ரோமுலோ சிரித்தான். "உன் மருமக குப்பையிலதான் போடப்போறா, அண்ணே."

இப்போது உன் கடிதத்தை அவன் மூக்குக்கு நேரே பிடித்து நான்கு தடவை வாசித்தேன். அந்தச் செம்புள்ளிச் சங்கு உலகத்துக்கே புதுசாமே!

எப்படிக் கிடைத்தது என்று கேட்டாய். கலங்கரை விளக்குக்கு நேர் கிழக்கே, நாற்பது பாகம் ஆழம், அடிக்கணக்கில் இருநூற்று நாற்பது. வெறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே முங்கினேன். எதிரே சுறா. முறைத்தேன், திரும்பிப் போய்விட்டது.

இத்தோடு இன்னொரு டின் சங்கு அனுப்புகிறேன்; இந்தத் தடவை தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கவில்லை. நீ திட்டியது நினைவிருக்கிறது.

உன் வீர மாமா,
தியோதுலோ

ஹாம்பர்க்
24 பிப்ரவரி 1986

அன்புள்ள மாமா,

முதலில் ஒரு சண்டை. டின் வந்த நாற்றத்தில் மூன்றாம் மாடிவரை ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இனிமேல் சங்குகளை வேகவைத்து, உள்ளே இருக்கும் சதையை எடுத்துவிட்டு அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். புதுச் சங்குக்கு லத்தீனில் உங்கள் பெயர்! 'தியோதுலோயி'! எங்கள் பேராசிரியர் அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தச் சங்கைப் பற்றிய கட்டுரையில் என் பெயர் முதலில் வருகிறது, மாமா. மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது. இடமும் ஆழமும் சரிதானே? அது தப்பானால் என்னை யாரும் மறுபடி நம்பமாட்டார்கள்.

ஏப்ரலில் நானும் பேராசிரியர் அம்மாவும் அங்கே வருகிறோம். நீங்கள் சொன்ன இடத்தில் காற்று உருளை மாட்டிக்கொண்டு நானே இறங்கப்போகிறேன். அத்தனை ஆழம் ஆபத்து என்று எல்லோரும் தடுத்தார்கள். "எங்க மாமா வெறும் மூச்சுலயே போயிட்டு வந்தாரு" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்!

துள்ளிக்கொண்டிருக்கும்,
மெர்லிண்டா

மக்தான்
10 மார்ச் 1986

என் கண்ணே மெர்லிண்டா,

பாதிரியார் பூசையிலேயே அறிவித்துவிட்டார். என் சண்டைச் சேவலுக்கும் தியோதுலோயி என்று பெயர் வைத்துவிட்டேன். ரோமுலோ இப்போது எழுந்து நின்றுதான் பேசுகிறான். புதுச் சட்டை தைத்தாயிற்று. நீங்கள் வரும் அன்று பன்றியைச் சுட்டு ஊருக்கே விருந்து.

ஆனால் நீ இறங்குவதாக எழுதிய இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரி, ஒரு வேளைதான்.

உன் அத்தை எவுஸ்தாக்கியா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்தப் பேரைக் கல்லறையில எழுதி வச்சுக்குவியா?" என்றாள்.

இறங்காதே, அம்மா. இந்தக் கடிதத்துக்கு முன்னால் தந்தியும் அடித்துவிட்டேன். அச்சுக்காரனை நிறுத்து. சங்குக்கு உன் அத்தையின் பெயரை வை. சேவல் என் பெயரோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

அதைக் கண்டெடுத்தது அவள்தான். சந்தையில் வாங்கிய களவா மீனை அறுத்தபோது அதன் வயிற்றுக்குள் கிடந்தது. அந்த மீன் எந்தக் கடலில் மேய்ந்ததோ, எனக்குத் தெரியாது. நாற்பது பாகம் நானாக இட்டுக்கட்டியது.

தியோதுலோ